நடுக்குவாத நோயும் நம்மவர் கடமையும்

(நமது சங்க மண்டபத்தில் நடைபெற்ற மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)

   

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கல்வி நிதியன்று. கலியாணச் செலவைக் குறைப்பதுமன்று. அவ்விரண்டையும் பற்றி இம்மண்டபத்தில் போதிய அளவு பேசியாயிற்று. போதிய அளவுக்கு மேலும் பேசியாயிற்று என்பாரும் உளர். இன்று கூறப்புகுவது ஒரு வியாதியைப் பற்றி. மேல்நாட்டு வைத்தியர் அதனைப் பார்க்கின்ஸன் நோய் என்பர். நம் நாட்டில் கம்பவாதம் என்றும், நடுக்குவாதம் என்றும் வழங்குவர். உலகத்தில் 2019-ஆம் ஆண்டில் இந்நோயுற்றிருந்தார் 85 லட்சத்துக்கு மேற்பட்டவர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணித்திருக்கின்றது. அதற்கு முந்திய 25 ஆண்டுகளில் இத்தொகை இருமடங்காயிற்று என்பதும் அக்கணக்கே.

வியாதியைப் பற்றி வைத்தியசாலையிற் பேசாமல் சங்கக் கூட்டத்திற் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. காய்ச்சலைப் பற்றியோ கண் நோயைப் பற்றியோ இங்கே பேசவேண்டுவதில்லை. அவற்றை வைத்தியரிடம் விட்டுவிடலாம். இந்நோய் அத்தகையதன்று. உறவின்முறையார் ஒருவரையொருவர் எவற்றைக் கொண்டு மதிக்கின்றனரோ அவற்றையே இது முதன்முதல் தாக்குகின்றது. முகமலர்ச்சி, வாய்ச்சொல், நடை, கையெழுத்து ஆகிய நான்கையும் இது மெல்ல மெல்லக் கவர்ந்துகொள்கின்றது. மனத்தையோ நெடுங்காலம் பெரும்பாலும் அப்படியே விட்டுவைக்கின்றது. ஆகவே நோயுற்றவர் உள்ளே அவராகவே இருக்கின்றார். வெளியே வேறொருவராகக் காணப்படுகின்றார். அவ்வேறொருவரைக் கண்டு நாம் கோபித்துக்கொள்கின்றோம். இக்கோபத்துக்கு வைத்தியசாலையில் மருந்து கிடையாது. ஆதலின் அதனை இங்கே பேசத் துணிந்தோம்.

ஒரு கலியாண வீட்டை நினைத்துப் பாருங்கள். பெண்ணின் பெரியப்பா பந்தல் வாசலில் நிற்கின்றார். சம்பந்தி வீட்டார் வருகின்றனர். அவர் கைகூப்புகின்றார், ஆனால் முகம் மலரவில்லை, கண் இமைப்பதும் குறைவு. வாங்க என்று சொல்லுகின்றார். அச்சொல் மேளச் சத்தத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை. உள்ளே சென்ற சம்பந்தியம்மாள், பெரியவர் முகங்கொடுக்கவில்லை என்று தொடங்குகின்றாள். அன்று தொடங்கிய மனத்தாங்கல் வளைகாப்பு வரையிலும், பேரப்பிள்ளைக்குப் பெயரிடும் நாள் வரையிலும் சென்றதை நாம் அறிவோம். இதில் பெரியவர் செய்த பிழை யாது? முகத்துத் தசைகள் அவர் மனத்தின் ஏவலைக் கேளாமற் போயின. உள்ளே மகிழ்ச்சி குறைவின்றி இருந்தது. அதனை வெளியே எடுத்துக் காட்டும் வழிதான் அடைபட்டுவிட்டது. வைத்திய நூலார் இதனை முகமூடி அணிந்தாற்போன்ற முகம் என்பர்.

நம்மவர் வியாபாரிகளாதலால் கையெழுத்தைப் பற்றிச் சற்று விரித்துக் கூறுவது தகும். இந்நோயில் எழுத்து, வரியின் தொடக்கத்தில் ஒருவாறு அளவாயிருந்து, போகப்போகச் சிறுத்து, வரியின் முடிவில் எறும்பு ஊர்ந்தாற்போல் ஆகிவிடும். நடுக்கம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே இது தோன்றக்கூடும். பேரேட்டைப் புரட்டிப் பார்த்தால், எந்த வருஷத்தில் எழுத்துச் சிறுக்கத் தொடங்கிற்றென்று பிற்பாடு கண்டுகொள்ளலாம். ஆனால் உடனிருப்பார்க்கு அது அப்பொழுது தெரிவதில்லை. பாங்கியிலிருந்து கையொப்பம் பொருந்தவில்லையென்று செக்கு திரும்பி வரும். கடையிலுள்ளார் பெரியவருக்குக் கவனம் போதவில்லை என்பர். புதல்வர் சாவியை வாங்கிக்கொள்ள இதுவே சமயம் என்று எண்ணுவர். வைத்தியரிடம் செல்லவேண்டுமென்று மட்டும் ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

நடையும் அப்படியே. காலைத் தேய்த்துத் தேய்த்து, முன்னே சிறிது குனிந்து, ஒரு கையை மட்டும் வீசாமல் நடப்பவரை மாலை வேளையிற் கண்டால், குடித்திருக்கின்றார் என்று சொல்லிவிடுவது நம் ஊர்களில் மிக எளிது. ஒருநாளும் கள்ளைத் தொட்டறியாத ஒருவர் இவ்வபவாதத்திற்கு அஞ்சியே வீதிக்கு வருவதை நிறுத்திக்கொண்டதை நாம் அறிவோம்.

நிற்க. இந்நோயை முதலில் தெளிவாக எழுதி வைத்தவர் யாவர் என்பதைக் கூறுவாம். 1755-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 11-ஆம் நாள் பிறந்து, இலண்டனைச் சார்ந்த ஷோர்டிச் பகுதியில் வைத்தியம் செய்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்ஸன் என்பாரே அவர். அரசியற் சீர்திருத்தம் வேண்டிப் புனைபெயரில் துண்டுப் பிரசுரங்கள் எழுதியவர்; கல்லாய்ப்போன பழம்பிராணிகளைச் சேகரித்தவர். 1817-ல் நடுக்குவாதத்தைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் அவர் விவரித்தது ஆறே பேரைத்தான். அவ்வறுவரில் சிலர் அவரிடம் சிகிச்சைக்கு வந்தவரல்லர். தெருவிற் செல்லக் கண்டவர். ஒருவரைத் தூரத்தே கண்டதன்றி அருகணைந்து விசாரிக்கவும் வாய்க்கவில்லை. தெருவில் நடப்பாரை உற்றுநோக்கும் கண் நமக்கும் உண்டு. ஆனால் நம் நோக்கம் வம்பில் முடிகின்றது, அவர் நோக்கம் நூலில் முடிந்தது. அவர் இறந்து பல்லாண்டுகளின் பின்னர், பாரிஸ் நகரத்துப் பேராசிரியர் ஷார்க்கோ, இந்நோயுற்ற எல்லார்க்குமே நடுக்கம் இருப்பதில்லை என்று எடுத்துக்காட்டி, நடுக்குவாதம் என்ற பெயர் முற்றும் பொருந்தாமை கருதிப் பார்க்கின்ஸன் பெயரையே நோய்க்கு இடலானார். ஆதலால், கை நடுங்கவில்லையே, அந்நோய் எப்படியாகும் என்று வாதிடுவார் இதனைக் குறித்துக்கொள்க.

இனி, இந்நோய் சரீரத்தில் எவ்வாறு நிகழ்கின்றது என்பது. மூளையின் நடுப்பகுதியில் கருநிறமான ஒரு சிறு பகுதி உண்டு. அதிலுள்ள உயிரணுக்கள் டோபமின் என்னும் ஒரு ரசத்தை உண்டாக்கி அனுப்புகின்றன. நினைத்த மாத்திரத்தில் கை எழுவதும், நினையாமலே கால் நடப்பதும், சிரிப்பு முகத்தில் தானே பரவுவதும் அதன் உதவியாலேயே. 1919-ல் டிரெட்டியாக்கோவ் என்பவர், இந்நோயால் இறந்தோர் மூளையில் அக்கரும்பகுதி வெளுத்து நலிந்திருத்தலைக் கண்டு வெளியிட்டார். மாட்டு வண்டியில் மாடும் நன்றாயிருக்கின்றது, சக்கரமும் நன்றாயிருக்கின்றது, வண்டிக்காரனும் விழித்திருக்கின்றான். அச்சுக்கு இடும் மசகு மட்டும் வற்றிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நகரும், ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனியே பிரயாசை வேண்டும். சட்டைப் பொத்தானைப் போடுதல், சோற்றைப் பிசைதல், படுக்கையிற் புரளுதல் ஆகிய ஒவ்வொன்றும் இவர்க்கு அவ்வாறே. வெளிக்குறி தோன்றும் காலத்திலேயே அவ்வணுக்களிற் பாதியளவோ அதற்கு மேலோ அழிந்துபோயிருக்கும் என்பர். அவ்வழிவு ஏன் தொடங்குகின்றது என்பதற்குப் பெரும்பாலோரிடத்தில் ஒரே காரணம் சொல்ல இயலாது. வயது முதிர்தல் முதன்மையானது; பயிர்ப்பூச்சிகளையும் களைகளையும் கொல்லும் சில நஞ்சுகளோடு நெடுநாள் பழகுவதும் சேர்ந்துகொள்கின்றது; சிலர்க்குப் பிறவிக் கூறும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவாம். ஆனால் ஒன்று திண்ணம்: இது தொற்றுவதன்று, செய்வினையுமன்று, முற்பிறவிப் பாவமுமன்று.

முன்னறிகுறிகள் சில உண்டு. காப்பிக்கொட்டை வறுபடும் மணமும் பெருங்காய மணமும் மூக்குக்கு எட்டாமற் போதல், நெடுநாள் மலச்சிக்கல், தூக்கத்தில் கனவோடு சேர்ந்து கூவி, கைகால்களை வீசிப் பக்கத்திற் படுத்தாரை அடித்துவிடுதல், ஒரு பக்கத்துத் தோள் மட்டும் இறுகி வலித்தல். இவற்றுள் ஒன்று இருப்பதனாலேயே நோய் வந்துவிட்டதென்று இன்றிரவே கலங்கவேண்டா. மலச்சிக்கல் உள்ளாரெல்லாம் இந்நோயரானால் இம்மண்டபத்தில் மிஞ்சுவார் சிலரே. இவற்றோடு கூட ஒரு பக்கத்துக் கைகால் மந்தப்படுதலும், குரல் தேய்தலும், எழுத்துச் சிறுத்தலும் சேருமாயின் நரம்பு வைத்திய நிபுணரிடம் செல்லவேண்டும். நடுக்கத்திலும் வேறுபாடு உண்டு. கை சும்மா மடிமேற் கிடக்கும்போது, கட்டைவிரலும் சுட்டுவிரலும் மாத்திரை உருட்டுவதுபோல் நடுங்கி, தம்ளரை எடுக்க நீளும்போது அடங்குமாயின் அது பெரும்பாலும் இந்நோயின் நடுக்கம். சும்மா இருக்கையில் அமைதியாயிருந்து, தம்ளரை வாயருகே கொண்டுபோகும்போது காப்பி சிந்துமாறு நடுங்குவது பெரும்பாலும் வேறொன்று. குடும்பங்களில் வழிவழி வருவது. அதற்குச் சிகிச்சையும் வேறு.

இன்னுமொன்று. மருந்தினாலேயே இந்நோய் போன்ற நிலை வருதலும் உண்டு. தலைச்சுற்றலுக்கென்று ஒருமுறை எழுதிக்கொடுத்த சின்னரிசின், ஃபுளுனரிசின் ஆகிய மாத்திரைகளையும், வாந்திக்குக் கொடுத்த மெட்டோகுளோப்ரமைடையும், மருந்துக்கடையில் அதே சீட்டைக் காட்டி வருஷக்கணக்காக வாங்கி விழுங்குவார் நம்மில் அநேகர். மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் முதலியவும் இவ்வாறு செய்யும். வைத்தியர் கண்டறிந்து அம்மருந்தை நிறுத்தினால் பலர்க்குச் சில மாதங்களில் நிலை திருந்துகின்றது. ஆகையால் பெரியவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லும்போது, வீட்டில் அவர் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையிற் போட்டு எடுத்துச் செல்லுக. வாயாற் சொல்லும் ஜாபிதாவில் ஒன்றிரண்டு விட்டுப்போகும்.

சிகிச்சையைப் பற்றிக் கூறுமிடத்து, நம் நாட்டுச் செடிகள் இரண்டு இக்கதையில் வருகின்றன. வேலியோரத்திற் படர்ந்து, காயின்மேலுள்ள சுணையால் தொட்டவரைச் சொறியச் செய்யும் பூனைக்காலியை யாவரும் அறிவீர்கள். 1937-ஆம் ஆண்டில் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்னும் இரு ரசாயன ஆராய்ச்சியாளர் அதன் விதையிலிருந்து லெவோடோபா என்னும் பொருளைப் பிரித்தெடுத்து அறிவித்தனர். அக்காலத்தில் இந்நோய்க்கும் அப்பொருளுக்கும் உள்ள தொடர்பை உலகில் ஒருவரும் அறியார். மற்றொன்று சர்ப்பகந்தி. அதன் வேரிலிருந்து 1952-ல் சுவிட்சர்லாந்து தேசத்தார் ரெசர்ப்பின் என்னும் மருந்தை எடுத்தனர். 1957-ல் ஸ்வீடன் தேசத்து அர்விட் கார்ல்சன், ரெசர்ப்பினை முயல்களுக்குச் செலுத்தினார். அவை காது தொங்கி, அசைவற்றுக் கிடந்தன. பின் டோபாவைச் செலுத்தினார். அவை எழுந்து ஓடலாயின. ஒரு செடியின் பொருளால் சிலையாய்ப்போன பிராணியை, மற்றொரு செடியில் உள்ள பொருள் எழுப்பிவிட்டது! 1960-ல் வியன்னா நகரத்து ஹார்னிகீவிச் என்பார், இந்நோயால் இறந்தோர் மூளையில் டோபமின் மிகக் குறைந்திருத்தலைக் கண்டார். அடுத்த ஆண்டே பிர்க்மேயர் என்னும் வைத்தியருடன் சேர்ந்து நோயாளிகளுக்கு லெவோடோபாவை ஊசி மூலம் செலுத்தினார். எழமாட்டாது கிடந்தவர் எழுந்து நடந்தனர். 1967-ல் அமெரிக்காவில் கோட்சியஸ் என்பவர் டோபாவை வாய்வழியே சிறிது சிறிதாக ஏற்றிக் கொடுக்கும் முறையை நிலைநாட்டினார். கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் இந்நோய்க்குத் தலையாய மருந்து லெவோடோபாவே; மூளையைச் சேருமுன் அது வீணாகாதபடி கார்பிடோபா என்னும் துணைமருந்தைச் சேர்த்துக் கொடுக்கின்றனர்.

எல்லாம் நம் முன்னோர் கண்டதே என்று மார்தட்டுவதற்காக இதனைக் கூறினோமல்லோம். இதனைக் கேட்டு நாளைக்கே பூனைக்காலி விதைப் பொடியை வாங்கிப் பாலிற் கலக்கிக் கொடுக்கக் கிளம்புவாரும் இக்கூட்டத்தில் இருப்பர். அவர்களைத் தடுப்பதற்கே கூறினோம். விதைக்கு விதை மருந்தின் அளவு வேறுபடும். மாத்திரையோடு பொடியும் சேர்ந்தால் அளவு மீறிக் கைகால் தாமே வளைந்து நெளிதலும், இல்லாதவை கண்ணுக்குத் தோன்றுதலும், எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் தாழ்ந்து விழுதலும் நேரும். வைத்தியருக்குத் தெரியாமல் ஒன்றும் கொடுக்கலாகாது.

மருந்துகள் நோயின் குறிகளைத் தணிக்கின்றன. அணுக்கள் அழிவதை நிறுத்தும் மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. இதனை மறைத்துப் பேசுவது தருமமன்று. ஆயினும் தக்க சிகிச்சையோடு பலர் பல்லாண்டுகள் தம் தொழிலைச் செய்து வாழ்கின்றனர். மருந்து விஷயத்தில் வீட்டார் அறியவேண்டுவன: நேரம் தவறலாகாது. எட்டு மணி மாத்திரையை, பூஜை முடியட்டும், விருந்தாளி போகட்டும் என்று ஒன்பதரைக்குக் கொடுத்தால் அவ்விடைக்காலத்தில் அவர் மரக்கட்டையாகின்றார். பருப்பு, பால், முட்டை, இறைச்சி ஆகிய புரத உணவுகள் இம்மருந்தோடு போட்டியிட்டு அதனைத் தடுப்பதால், பெரும்பாலும் உணவுக்கு அரைமணி முன்னதாகவோ, ஒருமணி நேரம் பின்னரோ கொடுக்கச் சொல்வர். வேறு காரணத்தால் வைத்தியசாலையிற் சேர்க்க நேர்ந்தால் இம்மாத்திரை விட்டுப்போகாதபடி உடனிருப்பார் வற்புறுத்திக் கேட்கவேண்டும். திடீரென முற்றும் நிறுத்தினால் கடுஞ்சுரமும் இறுக்கமும் கண்டு உயிருக்கே அபாயம் வரலாம்.

சில ஆண்டுகள் சென்றபின், ஒவ்வொரு வேளை மருந்தும் முன்போல் நெடுநேரம் நில்லாது. மருந்து வேலை செய்யும்போது ஒருவராகவும், அது தேய்ந்தபின் வேறொருவராகவும் அவர் இருப்பார். இங்கேதான் வீட்டில் பெருங்கலகம் விளைகின்றது. பத்து மணிக்கு மைத்துனர் வந்தபோது எழுந்து வந்து பேசினாரே, பன்னிரண்டு மணிக்கு நாம் கூப்பிட்டால் எழமாட்டேனென்கின்றாரே, எல்லாம் பாசாங்கு என்று மகன் சொல்லுகின்றான். பாசாங்கன்று, பத்து மணிக்கு மருந்து இருந்தது, பன்னிரண்டுக்கு இல்லை. எந்நேரத்தில் நன்றாயிருந்தார், எந்நேரத்தில் இறுகினார் என்று ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனால் வைத்தியர் வேளைகளைத் திருத்தியமைப்பார். கணக்கெழுதப் பழகிய குலத்தார்க்கு இஃது அரிய காரியமன்று.

மற்றொரு செய்தியும் உண்டு. கூற நா எழவில்லையாயினும் கூறுவது கடமை. இந்நோய்க்குக் கொடுக்கும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் முதலிய சில மருந்துகள், சிலரிடத்தில் அடங்காத ஆசைகளைக் கிளப்பிவிடுகின்றன. சூதாட்டம், கணக்கின்றிப் பொருள் வாங்குதல், தகாத காம எண்ணம் ஆகியவை அறுபது வயதுவரை மாசற்று வாழ்ந்தவரிடத்தும் தோன்றலாம். குடும்பத்தார் வெட்கி மறைக்கின்றனர், பொருள் கரைகின்றது. இது ஒழுக்கக்கேடன்று, மருந்தின் விளைவு. வைத்தியரிடம் ஒளியாது சொன்னால் அவர் மருந்தைக் குறைப்பார், அல்லது மாற்றுவார்.

மூளைக்குள் மெல்லிய மின்கம்பியைச் செலுத்தி, மார்பின் தோலுக்கடியில் ஒரு கருவியைப் பதித்து நடுக்கத்தையும் இறுக்கத்தையும் தணிக்கும் சஸ்திர சிகிச்சையும் உண்டு. 1987-ல் பிரான்சு தேசத்துக் கிரநோபிள் நகரில் பெனாபிட் என்பார் தொடங்கிய முறை அது. இப்பொழுது சென்னையிலும் செய்கின்றனர். செலவு மிகுதி; எல்லார்க்கும் ஏற்றதுமன்று; நோயை நிறுத்துவதுமன்று. இதற்குமேல் அதனைப் பற்றி இங்கே வேண்டுவதில்லை.

இனி வீட்டிற் செய்யத்தக்கன. இவர்கள் வாசற்படியருகே வந்ததும், பாதம் தரையில் ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடுவார்கள். அப்பொழுது கையைப் பிடித்து இழுத்தல் ஆகாது; இழுத்தால் உடல் முன்னே வரும், கால் வராது, விழுவார். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொடுத்தாலும், தாளம் போட்டாலும், தரையில் குறுக்கே ஒரு கோடு காட்டி அதனைத் தாண்டச் சொன்னாலும் கால் எழுந்துவிடுகின்றது. தானாக நடக்கும் வழி அடைபட்டாலும், பார்த்தும் கேட்டும் நடக்கும் வழி திறந்திருக்கின்றது. ஒரு வீட்டில் மருமகள், மாமனார் அறையிலிருந்து கூடம் வரையிலும் தரையில் அடிக்கொரு வெண்கோடு இட்டுவைத்திருந்ததைக் கண்டோம். கோலம் போடும் கைக்கு அது தோன்றியது வியப்பன்று. நாள்தோறும் உடற்பயிற்சி, நெடுநடை, உரக்கப் படித்துக் குரலைப் பழக்குதல் ஆகியவை மருந்துக்கு அடுத்தபடியாக உதவுவன. உண்ணும்போது நிமிர்ந்து உட்காரவேண்டும். படுத்தபடி கஞ்சி புகட்டினால் அது மூச்சுக்குழலிற் சென்று நுரையீரலிற் சீழ்பிடித்து உயிரைக் கொள்ளும். நோய் முற்றியபின் பலர்க்கு நினைவும் தளர்கின்றது. சோர்வும் அழுகையும் அதற்கு முன்னரே வரும். சோர்வும் இந்நோயின் கூறே. அதற்கும் சிகிச்சை உண்டு.

இவ்வளவும் செய்பவர் யாவர்? பெரும்பாலும் மனைவி அல்லது மருமகள். இரவில் நான்கு முறை புரட்டிப் படுக்கவைத்துவிட்டு விடியலில் அடுப்பு மூட்டுகின்றவளும் மனிதப் பிறவியே. மாதத்தில் இரண்டு நாளாவது மகனோ, தம்பி மகனோ அப்பணியை ஏற்று அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பட்டும். பெண்மக்களுக்கும் இந்நோய் வருகின்றது. ஆண்களுக்குச் சற்று மிகுதியாயினும், பெண்களுக்கு வரும்போது அது கண்டறியப்படுதல் தாமதிக்கின்றது என்பது நம் கருத்து. அவள் செக்கில் கையெழுத்திடுவதில்லை, சபையிற் பேசுவதில்லை. மாவு பிசைய நேரமாகின்றது என்றால், வயதாகிவிட்டது என்று முடித்துவிடுகின்றோம்.

மறைத்தலைப் பற்றிப் பேசாது முடித்தல் இயலாது. இவ்வுபந்நியாசம் முழுவதும் அதன்பொருட்டே எனலாம். நம்மவர் இந்நோயை மறைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வீட்டில் பெண் இருக்கின்றாள், தகப்பனாருக்கு வாதம் என்று தெரிந்தால் சம்பந்தம் வாராது. இதற்காக மூன்றாண்டு, நான்காண்டு வைத்தியரிடமும் போகாமல், பெரியவரை உள்ளறையிலே வைத்து, வருவாரிடம் ஊருக்குப் போயிருக்கின்றார் என்று சொல்லும் வீடுகள் உண்டு. அந்நான்காண்டும் அவர் மருந்தின்றி இறுகிக் கிடக்கின்றார். மகளின் நிச்சயதார்த்தத்தைக் கதவிடுக்கிலே பார்த்த தகப்பனார் ஒருவரை நாம் அறிவோம். அவர் காதுக்கும் கண்ணுக்கும் அறிவுக்கும் ஒரு குறையுமில்லை. அவ்வீட்டில் நடந்த ஒவ்வொரு பேச்சும் அவருக்குக் கேட்டது.

ஆகையால் பெண் கொடுப்பாரும் எடுப்பாரும் உண்மையை அறிந்துகொள்ளட்டும். இந்நோயருட் பெரும்பாலோர்க்கு இது தகப்பன்வழி மகனுக்கு இறங்கும் நோயன்று. அறுபதுக்கு மேல் நோய் கண்ட ஒருவரின் மக்களுக்கு, மற்றவரைக் காட்டிலும் அபாயம் சிறிதே மிகுதி. சில குடும்பங்களில் மட்டும் பிறவிக் கூறு வலிதாயிருக்கும். இளவயதில், நாற்பதுக்கு முன்னரே, நோய் காண்பவர் சிலரிடத்தில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான கூறு வந்து சேர்ந்திருக்கும். 1998-ல் ஜப்பானில் கண்ட பார்க்கின் என்னும் கூறு இத்தகையது. அக்காள் மகளையும் அத்தை மகளையும் மணந்துவரும் குடும்பங்களில் அவ்விரண்டும் ஒன்றுசேர இடம் மிகுதி. அத்தகைய குடும்பத்தார் மேலும் உள்ளுறவிற் கொள்ளுமுன் பிறவிநோய் வல்லாரைக் கேட்டுக்கொள்ளுதல் நலம். இதனைச் சொல்வதால் சிலர் முகம் சுளிப்பர் என்பதை அறிவோம். சம்பந்தம் பேசும்போது தகப்பனார் நோயை வெளிப்படச் சொன்ன குடும்பத்தை நாம் மேலாக மதிக்கவேண்டும். அதற்காக விலகுவாரைப் பற்றிச் சங்கத்தில் நல்ல வார்த்தை சொல்லக்கூடாது என்பது நம் அபிப்பிராயம்.

குத்துச்சண்டையில் உலகை வென்ற முகம்மது அலிக்கு 1984-ல் இந்நோய்க் குறிகள் கண்டறியப்பட்டன. 1996-ல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஒலிம்பிக் தீபத்தை ஏற்ற அவரையே அழைத்தனர். கை நடுங்க, முகம் அசைவற்றிருக்க, உலகமெல்லாம் பார்க்க அவர் தீபத்தை ஏற்றினார். நடுங்கும் கையால் குத்துவிளக்கேற்ற நம் வீட்டுக் கலியாணத்தில் ஒருவரை அழைக்க நமக்குத் துணிவுண்டா என்று இளைஞர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

சங்கம் செய்யக்கூடிய காரியங்கள் சில உள. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்நோயும் சேர்க்கப்பட்டிருக்கின்றது. அரசாங்க வைத்தியசாலையிற் பரிசோதித்து, நூற்றுக்கு நாற்பது பங்குக்குக் குறையாத ஊனமென்று சான்றிதழ் பெற்றவர்க்குச் சட்டப்படி சில சலுகைகள் உண்டு. நம்மவரில் அதனைப் பெற்றோர் மிகச் சிலர். விண்ணப்பம் எழுதித் துணைசென்று உதவ இளைஞர் நால்வர் முன்வந்தால் போதும். அடுத்து, இம்மண்டபம். கிழக்கு வாசலில் ஏழு படிகள், கைப்பிடி ஒன்றுமில்லை. பந்தியில் கைவைத்த நாற்காலி கிடையாது. கையில்லாத நாற்காலியில் உட்கார்ந்தால் இவர்கள் எழ இயலாது. கைப்பிடிக்கும், கைவைத்த நாற்காலி பன்னிரண்டுக்கும் ஆகும் செலவைக் காரியதரிசி அவர்கள் விசாரித்து அடுத்த நிர்வாக சபையில் வைக்க இசைந்திருக்கின்றார்கள். முன்பு சபையிற் பேசிவந்து இப்பொழுது குரல் தேய்ந்துபோன அங்கத்தினர்க்கு ஒலிபெருக்கியை அவர் இருக்குமிடத்துக்கே கொண்டுபோய், அவர் பேசி முடிக்கும்வரை அடுத்தவரை அழையாதிருக்கும்படி அக்கிராசனாதிபதி அவர்களை வேண்டிக்கொள்கின்றோம்.

வீட்டில் இத்தகைய பெரியவர் இருப்பார், கூட்டம் கலைந்தபின் சிறிது நேரம் தங்கலாம். தாய்மார்கள் தனியே பேச விரும்பினால் அலுவலக அறை திறந்திருக்கின்றது. நம் மனைவியார் அங்கே இருப்பார்கள். பெயரைப் பதிவு செய்யும் புத்தகம் ஒன்றும் வைக்கவில்லை.